ஈமச்சின்னங்களும் சமய வரலாறும்: எகிப்திய அகழ்வாய்வு அனுபவம் தரும் சில பாடங்கள்

எழுத்துச் சான்றுகள் இல்லாத காலத்து மக்களின் சமய வாழ்வை அறிய விரும்பும் வரலாற்று மாணவன் பெரும்பாலும் அவர்களுடைய புதைகுழிகளையே நாட வேண்டியுள்ளது. குடியிருப்புக்கள் அழிந்துவிடுகின்றன, மரத்தாலும் மண்ணாலும் அமைந்த வழிபாட்டிடங்கள் சுவடின்றி மறைகின்றன, இறந்தோருக்கென அமைத்தவையே நிலைத்து நிற்கின்றன. இலங்கையில் பொம்பரிப்பு, இபன்கட்டுவ, ஆனைக்கோட்டை ஆகிய இடங்களிலும், தமிழகத்தில் ஆதிச்சநல்லூர் முதலிய இடங்களிலும் வெளிப்பட்ட பெருங்கற்பண்பாட்டு ஈமச்சின்னங்கள் இவ்வகையில் நமக்கு வாய்த்த அருஞ்சான்றுகளாகும்.

ஆயினும் இச்சான்றுகளைப் பற்றி எழுந்த எழுத்துக்களை ஒருசேர நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலனாகும். தாழிக்குள் இருந்தவற்றைக் கூறுவதினும் தாழிக்கு உரியவர் எவர் என்று நிறுவுவதிலேயே பலரும் முனைந்துள்ளனர். மட்பாண்டத்தை வைத்து இனத்தையும், சூலத்தை வைத்துத் தெய்வத்தையும் துணியும் போக்கு இன்றுவரை தொடர்கின்றது. ஈமச்சின்னம் எவற்றைக் கூற வல்லது, எவற்றைக் கூற வல்லதன்று என்ற முறையியல் வினாவை எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இதற்கு எகிப்தியத் தொல்லியலின் அனுபவம் பெரிதும் துணைபுரியும். களாய்வு முறை செப்பமுற்ற களங்களுள் எகிப்து ஒன்று. புதைகுழியும் எழுத்தும் ஒருங்கே நிறைந்த நாடும் அதுவே. அவற்றோடு, நமது பெருங்கற்சின்னங்களின் மூலமே எகிப்துதான் என்று வாதிட்ட ஒரு கோட்பாடும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் செல்வாக்குப் பெற்றிருந்தது.

1. எகிப்து மூலக் கோட்பாடு

1900ஆம் ஆண்டு முதல் 1909 வரை கெய்ரோவில் உடற்கூற்றியற் பேராசிரியராக விளங்கிய எலியற் சிமித், அங்கு பதப்படுத்தப்பட்ட பிணங்கள் பலவற்றை ஆராய்ந்தவர். 1915இல் வெளிவந்த தம் நூலில் அவர், உடலைப் பதப்படுத்தல், ஞாயிற்று வழிபாடு, பெருங்கற் கட்டுமானம் ஆகிய வழக்கங்கள் எகிப்தில் ஒரு தொகுதியாகத் தோன்றி, கடல்வழியே உலகெங்கும் பரவின என வாதிட்டார். அவரைப் பின்பற்றிய டபிள்யூ. ஜே. பெரி 1923இல் இக்கருத்தை மேலும் விரித்தார். இந்தியா, இந்தோனேசியா, பசுபிக் தீவுகள் யாவும் இப்பரவலின் வழித்தடங்களாயின.

அக்காலச் சூழலில் இலங்கைத் தொல்பொருள்களும் எகிப்தை நோக்கித் திருப்பப்பட்டமை வியப்பன்று. கந்தரோடையில் தொல்பொருள்களைத் திரட்டிய போல் பீரிஸ், அங்கு கிடைத்த கண்ணுக்கு மை தீட்டும் கோல்களை எகிப்தியர் பயன்படுத்திய மைக்கோல்களோடு ஒப்பிட்டார். ஒப்புமை பொய்யன்று. ஆனால் மை தீட்டும் கோல் ஒன்றை எந்நாட்டுக் கம்மியன் செய்யினும் அது மெல்லியதாகவும் முனை மழுங்கியதாகவுமே அமையும். பயன் ஒன்றாயின் வடிவும் ஒன்றாதல் இயல்பு. அதனைக் கொண்டு தொடர்பை நிறுவுதல் இயலாது.

எகிப்து மூலக் கோட்பாட்டை வீழ்த்தியது காலக்கணிப்பேயாகும். மேற்கைரோப்பாவின் பெருங்கற்கல்லறைகளுட் பல பிரமிடுகளுக்கு முற்பட்டவை என்பதைக் கதிரியக்கக் கரிக் கணிப்பு நிறுவியது. 1973இல் கொலின் ரென்பிறூ எழுதிய நூல் இதன் விளைவுகளை விரிவாக எடுத்துரைத்தது. தென்னிந்திய, இலங்கை ஈமச்சின்னங்களோ எதிர்த்திசையில் விலகி நின்றன. அவற்றுட் பெரும்பாலானவை கி.மு. முதலாம் ஆயிரத்தைச் சார்ந்தவை; கீசாவின் பெரும் பிரமிடுக்கு ஏறத்தாழ 1,500 ஆண்டுகளுக்கும் மேல் பிற்பட்டவை. தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 2025ஆம் ஆண்டு சனவரியில் வெளியிட்ட அறிக்கை, சிவகளையில் எடுக்கப்பட்ட மாதிரிகள் சிலவற்றுக்குக் கி.மு. நான்காம் ஆயிரத்தைச் சார்ந்த கணிப்புக்களைத் தந்து, இரும்பின் தொன்மை பற்றிய விவாதத்தைப் புதுப்பித்துள்ளது. அவ்விவாதம் எவ்வாறு முடியினும், அது எகிப்திய மூலத்துக்குச் சான்றாகாது. எகிப்தில் இரும்பு பெருவழக்குப் பெற்றது மிகப் பிற்பட்ட காலத்திலேயே.

இக்கோட்பாட்டின் அடியில் ஓர் உலக நோக்கு இருந்தது. அந்நோக்கின்படி நாகரிகம் ஓரிடத்திலே தோன்றும். ஏனையோர் அதனைப் பெற்றுக்கொள்வர். குடியேற்றவாதக் காலத்து அறிவுலகுக்கு உவப்பான நோக்கு இது. கோட்பாடு மறைந்தபோதும், எப்பண்பாட்டு மாற்றத்தையும் வெளியிலிருந்து வந்த கூட்டத்தாருக்கு உரித்தாக்கும் மனப்பாங்கு மறையவில்லை. இதன் இடரை எகிப்திய அகழ்வாய்வு வரலாற்றிலேயே காணலாம்.

2. பீட்ரியின் ‘புதிய இனம்’

1894-95ஆம் ஆண்டுப் பருவத்திற் பிளின்டேர்ஸ் பீட்ரி மேல் எகிப்தின் நக்காதாவில் அகழ்வாய்வு நடத்தி, 2,000க்கும் மேற்பட்ட புதைகுழிகளைத் திறந்தார். அதுவரை அறியப்பட்ட எகிப்தியக் கல்லறைகளோடு அவை எவ்வகையிலும் ஒத்திருக்கவில்லை. உடல்கள் பதப்படுத்தப்படவில்லை. முழங்கால்கள் மடக்கப்பட்டு, பெரும்பாலும் இடப்புறமாக, தலை தெற்கிலும் முகம் மேற்கிலும் இருக்கக் கிடத்தப்பட்டிருந்தன. எழுத்து ஒன்றேனும் இல்லை. உடன் வைக்கப்பட்டவற்றுள் வாய்ப்புறம் கறுத்து, உடல் சிவந்த மட்பாண்டங்கள் மிகுந்திருந்தன. நம் நாட்டுக் கறுப்புச் சிவப்பு மட்பாண்டத்தை அறிந்தோர்க்கு இவ்விவரணை பழகியதாகத் தோன்றும்; எனினும் இரண்டுக்குமிடையே வரலாற்றுத் தொடர்பு இல்லை. சூளையிற் காற்றுப்படும் பகுதி சிவத்தலும், காற்றுப்படாத பகுதி கறுத்தலும் களிமண்ணின் இயல்பாகும்.

பீட்ரி கண்ட முடிவு நம் கவனத்துக்குரியது. பழைய அரசு வீழ்ந்தபின் எகிப்தினுட் புகுந்து, அங்கிருந்தோரை அகற்றிய ஒரு ‘புதிய இனத்தின்’ புதைகுழிகளே இவை என அவர் கருதி, 1896இல் அவ்வாறே வெளியிட்டார். வேறு மட்பாண்டம், வேறு ஈமமுறை, ஆகவே வேறு மக்கள் என்பதே அவர் தருக்கம். மிகச் சில காலத்துள் பிரெஞ்சு ஆய்வாளர் ஜாக் டி மோர்கன், இப்புதைகுழிகள் அரச வமிசங்களுக்கு முற்பட்ட எகிப்தியருடையவையே எனக் காட்டினார். புகுந்தோர் எனப்பட்டவர் பிரமிடுகளைக் கட்டியோரின் முன்னோராயினர். பீட்ரியும் அதனை ஏற்றுக்கொண்டார்.

ஏற்றுக்கொண்டதோடு அவர் அமையவில்லை. 1899இல், புதைகுழிகளில் ஒன்றாகக் கிடைத்த மட்பாண்ட வகைகளை நிரைப்படுத்தி, எழுத்தின் துணையின்றியே அவற்றின் முன்பின் வரிசையை நிறுவும் முறையை வகுத்தார். ஏறத்தாழ 900 புதைகுழிகளின் விவரங்களைத் தனித்தனி அட்டைகளில் எழுதி ஒழுங்குபடுத்தி, 30 முதல் 80 வரையான வரிசை எண்களை வழங்கினார். இன்னும் பழைய பண்பாடு பின்னர் வெளிப்படக்கூடும் என 1 முதல் 29 வரையான எண்களை வெறுமையாக விட்டார். 1920களில் படாரிப் பண்பாடு வெளிப்பட்டபோது அம்முன்யோசனை பயன்பட்டது. ‘எவருடைய பாண்டம்’ என்ற வினா அவரை வழிதவறச் செய்தது; ‘எதற்குப்பின் எது’ என்ற வினா ஓர் அறிவியல் முறையையே தோற்றுவித்தது.

3. எழுத்தும் எலும்பும்

எழுத்துள்ள இடத்திலேனும் ஐயம் தீருமா? சக்காராவிலுள்ள உனாஸ் மன்னனின் பிரமிடு 1881இல் மஸ்பெரோவினால் திறக்கப்பட்டபோது, உள்ளறைச் சுவர்களில் மந்திரங்கள் நிரல்நிரலாகப் பொறிக்கப்பட்டிருந்தன. கி.மு. 24ஆம் நூற்றாண்டளவைச் சேர்ந்த அம்மந்திரங்கள் இறந்த மன்னன் விண்ணிற் புகுதலையும், ஒசிரிஸ் தெய்வத்தோடு ஒன்றுதலையும் கூறுகின்றன. அவை இல்லாதிருப்பின், கல்லமைப்பை மாத்திரம் கொண்டு இந்நம்பிக்கையை எவரும் ஊகித்திருத்தல் இயலாது. 1954இல் கிறிஸ்தோபர் ஹோக்ஸ் என்ற தொல்லியலாளர் இதனை ஒரு படிவரிசையாகக் கூறினார். பொருளெச்சங்களிலிருந்து தொழில்நுட்பத்தை அறிதல் எளிது. பொருளாதாரத்தை அறிதல் ஓரளவு எளிது. சமூக அமைப்பை அறிதல் கடினம். சமய நம்பிக்கையை அறிதல் எல்லாவற்றினும் கடினம்.

எனினும், எழுத்து பெரும்பாலும் ஆள்வோரின் எழுத்தே. அக்நாத்தன் மன்னன் கி.மு. 14ஆம் நூற்றாண்டில் அமர்ணாவில் எழுப்பிய நகரின் கல்லறைச் சுவர்கள், ஆத்தன் என்னும் ஞாயிற்றுத் தெய்வம் எல்லா உயிர்க்கும் வளம் நல்குவதைப் போற்றுகின்றன. படையற் பீடங்களில் உணவு குவிந்திருக்கும் காட்சிகளும் அங்குள. ஆனால் 2006 முதல் 2013 வரை அந்நகரின் தென்புறத்துப் பொதுமக்கள் இடுகாட்டில் நடைபெற்ற அகழ்வாய்வு வேறொரு காட்சியைத் தந்தது. அங்கு பெரும்பாலானோர் கோரைப்பாயிற் சுற்றப்பட்டு மணலிற் புதைக்கப்பட்டிருந்தனர். உடன் வைத்த பொருள் மிகச் சில. இளவயதிலே இறந்தோர் தொகை மிகுதி. எலும்புகளில் ஊட்டக்குறைவின் அடையாளங்களும், பளுச் சுமந்ததால் முதுகெலும்பு நைந்த தழும்புகளும் காணப்பட்டன. அந்நகரைக் கட்டிய கைகள் இவர்களுடையவையே.

ஆகவே எழுத்து புதைகுழிக்குப் பொருள் கூறுகின்றது. புதைகுழி எழுத்தைத் திருத்துகின்றது. நமது பாளி வரலாற்று நூல்களையும் தமிழ்ச் சான்றோர் செய்யுள்களையும் அகழ்வாய்வுச் சான்றுகளோடு இணைத்து நோக்கும்போது இவ்விரண்டையும் மறவாதிருத்தல் வேண்டும்.

4. இலங்கைச் சான்றுகள்

இலங்கையின் பெருங்கற்கால ஈமத்தலங்களுள் முதலில் முறையாக அகழப்பட்டவற்றுள் ஒன்று பொம்பரிப்பு. புத்தளத்துக்கு வடக்கே, கலா ஓயாவை அண்டி அமைந்த இவ்விடத்தில், தொல்பொருள் ஆணையாளராக விளங்கிய ஏ. எம். ஹோகாட் 1923-24இல் அகழ்வாய்வு நடத்தினார். மானிடவியலாளரான அவர் பின்னர் கெய்ரோவிற் சமூகவியற் பேராசிரியராகி, 1939இல் அங்கேயே மறைந்தார். சடங்கே ஆட்சியமைப்புக்கு முற்பட்டது என்ற அவர் கருத்து 1936இல் கெய்ரோவிலே நூலாக வெளிவந்தது. 1950களின் நடுப்பகுதியிலும் பொம்பரிப்பில் ஆய்வுகள் நடைபெற்றன. 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக அரும்பொருளகத்தைச் சார்ந்த விமலா பெக்லி முதலியோர் மீண்டும் அகழ்ந்தனர். தாழிகளிற் கிடைத்த எலும்புகள் ஒழுங்குற அமைந்த முழு உடலினவல்ல. வேறிடத்தில் உடல் சிதைந்தபின் பொறுக்கியெடுத்து இடப்பட்டவை. ஒரே தாழியில் ஒருவருக்கு மேற்பட்டோரின் எலும்புகளும் இருந்தன. கறுப்புச் சிவப்பு மட்பாண்டங்கள், உலோகப் பொருள்கள், மணிகள் ஆகியன உடனிருந்தன.

மத்திய மாகாணத்திலே தம்புள்ளைக்கு அண்மையிலுள்ள இபன்கட்டுவவில் வேறொரு முறையைக் காண்கின்றோம். இங்கு 1983-84இலும், பின்னர் 1988 முதல் செருமானியத் தொல்லியலாளரின் ஒத்துழைப்புடனும் அகழ்வாய்வுகள் நடைபெற்றன. நான்கு கற்பலகைகளை நிறுத்தி, மேலே மூடுகல் இட்ட கற்பதுக்கைகளினுள்ளே எரித்த எலும்பும் சாம்பலும் தாழிகளிலும் வெளியிலும் இடப்பட்டிருந்தன. காலம் கி.மு. 7ஆம் நூற்றாண்டுக்கும் 4ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டதென்பர். இலங்கையிற் கிடைக்காத செம்மணிக் கல்லாலான மணிகள் இக்கல்லறைகளிற் கிடைத்தமை, உள்நாட்டுச் சிற்றூர் ஒன்றும் தொலைதூர வாணிபத்தோடு பிணைந்திருந்ததைக் காட்டுகின்றது.

யாழ்ப்பாணத்து ஆனைக்கோட்டையில் 1980-81இல் பேராசிரியர் கா. இந்திரபாலாவின் தலைமையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தினர் நடத்திய அகழ்வாய்வில், தாழியும் பதுக்கையும் இன்றி நீட்டிக் கிடத்தப்பட்ட உடல்கள் வெளிப்பட்டன. அவற்றுள் ஒன்றோடு கிடைத்த சிறு முத்திரையின் மேல்வரியில் பெருங்கற்பண்பாட்டுக் குறியீடுகளும், கீழ்வரியில் மூன்று பிராமி எழுத்துக்களும் உள. அவ்வெழுத்துக்கள் ‘கோவேத’ என்றும், அதனை ஒட்டிய வடிவங்களிலும் படிக்கப்பட்டுள்ளன. எழுத்தில்லாக் காலமும் எழுத்துக் காலமும் சந்திக்கும் எல்லையில் நிற்கும் சான்று இது. குறியீடும் எழுத்தும் ஒரே பொருளை உணர்த்தினவா என்பது ஆய்வாளரை ஈர்த்துவரும் வினாவாகும்.

இம்மூன்று தலங்களும் ஒரு பண்பாட்டுத் தொகுதியைச் சேர்ந்தவையாயினும் ஈமமுறையால் வேறுபடுகின்றன. ஓரிடத்தில் எலும்பு பொறுக்கித் தாழியில் இடல். ஓரிடத்தில் எரித்துப் பதுக்கையில் வைத்தல். ஓரிடத்தில் உடலை முழுமையாகக் கிடத்தல். மணிமேகலை ஆசிரியர் ஒரே நகரின் இடுகாட்டில் எரித்தல், வாளா இட்டுவிடல், குழியிற் புதைத்தல், தாழ்ந்த இடத்தில் அடைத்தல், தாழியாற் கவித்தல் என ஐவகை வழக்கங்களைக் கூறியிருத்தலை இங்கு நினைவுகூரலாம். ஒரே ஊரார் ஐந்து முறைகளைக் கைக்கொண்டனரெனின், மூன்று முறைகளைக் கண்டு மூன்று இனங்களைக் கற்பித்தல் எங்ஙனம் பொருந்தும்?

5. நம்பிக்கையை ஊகித்தல்

நக்காதாப் புதைகுழிகளில் முகம் மேற்கு நோக்கியிருந்ததை மேலே கண்டோம். பிற்கால எகிப்தியருக்கு மேற்கே இறந்தோர் உலகம். ஒசிரிசு மேலைத்திசையாரின் தலைவன் எனப்பட்டான். பிற்கால எழுத்தைக் கொண்டு முற்காலப் புதைகுழிக்கு இங்கு பொருள் கூறலாம். ஏனெனில் ஒரே ஆற்றுப் பள்ளத்தாக்கிலே இடைப்பட்ட காலத்துப் புதைகுழிகள் தொடர்ச்சியைப் படிப்படியாகக் காட்டுகின்றன. தொடர்ச்சி நிறுவப்பட்ட இடத்திலேயே இத்தகைய ஊகம் செல்லும்.

இவ்வளவுகோலை நம் சான்றுகளுக்கும் பிரயோகித்தல் தகும். புறநானூற்றில், கணவனை இழந்த ஒருத்தி, தன்னையும் உடனடக்கும் அளவு அகன்ற தாழியை வனையுமாறு குயவனை வேண்டும் பாடலொன்று உண்டு. தாழி அடக்கம் வழக்கிலிருந்த நிலப்பரப்பில், அவ்வழக்கத்தை நேரில் அறிந்தோர் யாத்த பாடல் அது. ஆதலின் தமிழகத்துத் தாழிகளுக்கு அது தகுந்த விளக்கமாகும். அதனைப் பொம்பரிப்புக்கு நீட்டும்போது அவதானம் வேண்டும். ஒரே தாழியிற் பலர் எலும்பு கிடைத்ததால் அங்கு உடனிறப்பு நிலவியது என்று முடிவுசெய்தல் இயலாது. ஒரு குடும்பத்தார் வெவ்வேறு காலத்தில் இறந்தோரை ஒரே தாழியிற் சேர்த்தனர் என்ற விளக்கமும் அதே அளவு பொருந்தும்.

ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் றீ இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்டெடுத்தவற்றுள் இரும்புச் சூலங்களும் பொன்னாலான வாய்மூடிகளும் இருந்தன. இவற்றை முருக வழிபாட்டோடு தொடர்புபடுத்தி எழுதியோர் பலர். வேல் வழிபாட்டின் தொன்மையை எவரும் மறுக்கார். ஆயினும் சூலம் தெய்வத்தின் சின்னமா, சடங்கு நடத்தியவரின் கருவியா, இறந்தவரின் படைக்கலமா என்பதைச் சூலம் தானே கூறாது. அது தாழியின் உள்ளே இருந்ததா, புறத்தே நடப்பட்டதா, எத்தனை தாழிகளுள் ஒன்றில் இருந்தது, எவ்வயதினரின் எலும்போடு இருந்தது என்பனவே விடையை நோக்கி நம்மை நகர்த்தும். பொருளை மாத்திரம் எடுத்துச் சென்று அரும்பொருளகத்தில் வைத்த பழைய அகழ்வாய்வுகள் இவ்வினாக்களுட் பலவற்றுக்கு விடையே இல்லாதவாறு செய்துவிட்டன.

உறுதியாகக் கூறக்கூடியன குறைவெனினும் சிறுமையுடையன அல்ல. சிதைந்த எலும்பைப் பொறுக்கியெடுத்து மீண்டும் அடக்கிய மக்கள், இறப்பை ஒரு நாளில் முடியும் நிகழ்ச்சியாகக் கொள்ளவில்லை. இறந்தோர்க்கும் உயிருள்ளோர்க்கும் இடையே நீண்ட கடமையொன்று நின்றது. உணவுக்கலமும் அணியும் உடன்வைத்தமை அக்கடமையின் ஒரு பகுதி. கற்பலகைகளைப் பிளந்து கொணர்ந்து நிறுத்தும் உழைப்பு பலர் கூடியே ஆற்றத்தக்கது. ஆகவே ஈமச்சடங்கு சமூகத்தை ஒன்றுதிரட்டிய வினையாகவும் இருந்தது. எல்லாக் கல்லறைகளிலும் மணிகளும் உலோகமும் ஒரே அளவில் இன்மை, அச்சமூகத்தில் ஏற்றத்தாழ்வு அரும்பியதைச் சுட்டுகின்றது. தெய்வத்தின் பெயரை அறியாதவிடத்தும் சமயத்தின் சமூகப் பணியை அறிய இவை போதிய சான்றுகளாகும்.

6. எவருடைய முன்னோர்?

இனி, பெரும் வினாவுக்கு வருவோம். அனுராதபுரத்து உள்நகரில் சிரான் தெரணியகல நடத்திய அகழ்வாய்வுகள், கி.மு. 900 அளவிலே இரும்பும் கறுப்புச் சிவப்பு மட்பாண்டமும் நெற்செய்கையும் உடைய குடியிருப்பு அங்கு தோன்றிவிட்டதை வெளிப்படுத்தின. மகாவமிசம் கூறும் விசயன் வருகைக்கு இது சில நூற்றாண்டுகள் முற்பட்டது. ஆதலின் இலங்கை நாகரிகத்தின் தொடக்கத்தை ஒரு கப்பலின் வருகையோடு இணைக்கும் மரபுக்குத் தொல்லியல் ஆதரவு தரவில்லை. இதனைத் தமிழ் ஆய்வாளர் பலர் எடுத்துக்காட்டியுள்ளனர், எடுத்துக்காட்டியது சரியே.

ஆனால் விசயனை அகற்றிய இடத்தில் வேறொரு புகுந்த கூட்டத்தாரை அமர்த்துவது பீட்ரியின் ‘புதிய இனத்தை’ மீண்டும் அழைப்பதாகும். கறுப்புச் சிவப்பு மட்பாண்டம் தமிழ் பேசியதில்லை, சிங்களமும் பேசியதில்லை. தென்னிந்தியாவோடு நெருங்கிய உறவுடைய ஒரு பண்பாடு இத்தீவு முழுவதும் பரவியிருந்தது என்பதே சான்றுகள் தரும் செய்தி. அப்பண்பாட்டை ஏற்றோருள் இங்கு நெடுங்காலம் வாழ்ந்த கற்கால மக்களின் வழித்தோன்றல்களும் இருந்திருப்பர். மனித எச்சவியலாளரான கென்னத் கென்னடி, தெற்காசிய எலும்புகளை ஆண்டுக்கணக்கில் அளந்தபின், 1995இல் எழுதிய கட்டுரையில், ‘ஆரியர்’ என ஓர் இனத்தை எலும்புகளிற் பிரித்தறிய முடியவில்லை எனக் கண்டார். பேராசிரியர் இந்திரபாலா 2005இல் வெளியிட்ட நூலில், சிங்களவர், தமிழர் என்ற இரு இனக்குழுக்களும் இத்தீவின் பொதுவான முன்வரலாற்று அடித்தளத்திலிருந்தே, மொழியும் சமயமும் வாணிபமும் அரசும் தூண்டிய நீண்ட மாற்றத்தினால் உருவாயின என்று விளக்கினார். ஆனைக்கோட்டையை அகழ்ந்தவரே இம்முடிவுக்கு வந்தமை கருதற்பாலது.

இது ஏட்டளவில் நின்றுவிடும் விவாதமன்று. இந்நாட்டில் தொல்பொருட் சின்னம் நிலவுரிமைக்கான உறுதிப்பத்திரம்போல் பயன்படுத்தப்பட்டு வந்துள்ளது. ஒரு மேட்டில் கிடைத்த செங்கல்லோ தாழியோ, அதனருகே இன்று வாழும் மக்களின் உரிமையை நிறுவவோ மறுக்கவோ எடுத்தாளப்படுகின்றது. ஈராயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன் இறந்தோரை இன்றைய வழக்கில் சாட்சிகளாக நிறுத்துவோர், அவர்கள் கூறாததைக் கூறியதாக எழுதிக்கொள்கின்றனர். ஒரு குடிமகனின் உரிமை அவன் இன்று இங்கு வாழ்ந்து உழைப்பதிலிருந்து பிறப்பது; அதற்குத் தாழியின் துணை வேண்டியதில்லை. அதே காரணத்தால், தாழியின் பெயரால் அதனைப் பறித்தலும் ஒவ்வாது.

தமிழும் வரலாறும் பயிலும் மாணவர் ஆற்றவேண்டிய பணிகள் சில உள. மண்ணடுக்கை வாசிக்கவும், எலும்பையும் மட்பாண்டத்தையும் கிடந்த நிலையிலேயே வரைந்து பதியவும் பயிலல் வேண்டும். அகழ்ந்தவற்றின் அறிக்கைகள் தமிழிலும் சிங்களத்திலும் காலந்தாழ்த்தாது வெளிவரல் வேண்டும். ஒரு சாராரின் மொழியில் மாத்திரம் வெளிவரும் சான்று மறுசாராரிடத்து ஐயத்தையே வளர்க்கும். மண் அள்ளுவோரும் புதையல் தேடுவோரும் அழித்துவரும் ஈமத்தலங்களை, அவ்வவ்வூர் மக்களே தமதெனக் கருதிக் காக்கும் நிலை உருவாகல் வேண்டும். பீட்ரி தம் வரிசையில் 29 எண்களை வெறுமையாக விட்டுவைத்தார். நமது முன்வரலாற்றை எழுதுவோரும் இன்னும் அகழப்படாதவற்றுக்கு அத்தகைய இடத்தை விட்டே எழுதுதல் தகும்.